கண்ணாடி ராடும் 200 டாலரும்

மிச்சிகனில் இருக்கும் நண்பர் ஒருத்தர் போன வாரம் இப்படிக் கேட்டிருந்தார்: "ஃப்ளை ஃபிஷிங் கத்துக்கலாம்னு இருக்கேன். கடைக்குப் போனா நல்ல ராட் ஆயிரம் டாலர்ங்கறான். வீட்ல இதைச் சொன்னா மீன் இல்ல, நான்தான் வறுபடுவேன். எல்லாம் சேர்த்து 200 டாலர்தான் பட்ஜெட். ஃபைபர்கிளாஸ் ராட் வாங்குன்னு ஒருத்தர் சொல்றார். அது தாத்தா காலத்துச் சரக்குன்னு இன்னொருத்தர் சொல்றார். எது நிஜம்?"

ரெண்டும் நிஜம்தான். தாத்தா காலத்துச் சரக்குதான், ஆனா வாங்கலாம். ஏன்னு ரெண்டு வரியில் சொன்னா நம்பமாட்டார். அதனால கொஞ்சம் வரலாறு. தூண்டில் பக்கமே போகாதவங்களும் படிக்கலாம், "புதுசு வந்தா பழசு மட்டம்" என்கிற கணக்கு எப்பவும் சரியா என்பதுதான் நிஜமான மேட்டர்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். நம்ம ஊர்க் குளத்துல தூண்டில் போடறப்ப நுனியில் ஈயக்குண்டு இருக்கும், முள்ளில் கோத்த மண்புழு இருக்கும். அந்த எடைதான் நரம்பை இழுத்துக்கிட்டுப் போய் தண்ணியில் விழும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் இருப்பது இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி. எடையே கிடையாது. எறிஞ்சா காலடியிலேயே விழும். அதனால எடையை லைனுக்குள்ளேயே வச்சுட்டாங்க. கம்பைப் பின்னால் வீசினால் அந்தத் தடித்த லைன் காற்றில் நீளும். அதன் எடை கம்பை வில் மாதிரி வளைக்கும். முன்னால் வீசிச் சட்டென்று நிறுத்தினால் கம்பு நிமிர்ந்து லைனைத் தள்ளிவிடும். போலிப் பூச்சி லைனுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கிட்டுப் போய்ச் சேரும்.

ஆக, ஃப்ளை ராட் என்பது ஒரு ஸ்பிரிங். எந்தப் பொருளில் ஸ்பிரிங் செய்யலாம் என்கிற தேடல்தான் அதன் வரலாறு.

மூங்கில், முதலில் நம்ம ஊர் மூங்கில்

ஆரம்பத்தில் மரக் கம்புகள்தான். 1840-களில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரில் சாமுவேல் ஃபிலிப்பி என்கிற துப்பாக்கி செய்பவர் (வயலினும் செய்வாராம்) மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, சீவி, ஒட்டிக் கம்பு செய்தார். மூங்கிலின் பலம் வெளித்தோலை ஒட்டிய நாரில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கிற சோற்றைச் சீவி எறிஞ்சுட்டு, நார் வெளிப்பக்கம் வருகிற மாதிரி முக்கோணச் சிம்புகளை ஒட்டினால் உறுதியும் துள்ளலும் சேர்ந்து கிடைக்கும். மெய்ன் மாநிலத்து ஹைரம் லியோனார்ட் 1870-களில் ஆறு சிம்பு வைத்து, சிம்பு சீவ இயந்திரமும் அமைத்து இதை ஒரு தொழிலாகவே ஆக்கினார்.

அந்த மூங்கில் எங்கேயிருந்து போச்சு தெரியுமா? இந்தியாவிலிருந்து. கல்கத்தாவில் கப்பலேறியதால் அதுக்குப் பேரே 'கல்கத்தா கேன்'. நாம கல் மூங்கில் என்று சொல்லும் கெட்டி மூங்கில் வகை என்று சொல்கிறார்கள். தீயில் வாட்டிய கருப்புத் தழும்புகளோடு வந்து இறங்குமாம். ஏணிக்கும் பந்தலுக்கும் நாம பயன்படுத்தின சரக்கை வைத்து அங்கே துரைமார் மீன் பிடிச்சிருக்காங்க. :-)

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா மூங்கிலின் இடத்தை 'டான்கின்' மூங்கில் பிடித்தது. பேர்தான் டான்கின். வளர்ந்தது வியட்நாமில் இல்லை, தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில். நேரான தண்டு, கணுக்கள் தள்ளித் தள்ளி, நார் அடர்த்தியாக. இன்றுவரை மூங்கில் ராட் செய்பவர்கள் தேடுவது இதைத்தான்.

ஆனா நல்ல மூங்கில் ராடு என்பது கையால் செய்த நகை மாதிரி. சிம்பு சீவுவதில் நூலளவு பிசகினாலும் போச்சு. மெக்கானிக்கும் வாத்தியாரும் ஆசைப்பட்டு வாங்குகிற விலையில் இல்லை. அவங்களுக்குன்னு தொழிற்சாலைகள் மலிவாகவும் மூங்கில் ராட் செய்து தள்ளின. அதுல பல, ரெண்டு மூணு சீசனில் வளைஞ்சு, வளைஞ்சபடியே நின்னுடும். பசை விட்டுப்போகும். காயவைக்காமல் உறையில் போட்டா பூஞ்சை பிடிக்கும். சாதாரண ஆளுக்கு நல்ல ஸ்பிரிங் கிடைக்கவே இல்லை.

ஒடிந்த நுனியும் கண்ணாடி இழையும்

1932-ல் ஒஹாயோவில், ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடிக் கம்பெனியில் டேல் கிளைஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் ரெண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தார். உருகிய கண்ணாடி ஒழுக்கின்மேல் அழுத்தக் காற்று பட்டு, அது மெல்லிய இழைகளாகச் சிதறியது. அவருடைய மேலதிகாரி கேம்ஸ் ஸ்லேட்டர் அதன் மதிப்பைப் புரிந்துகொண்டு உற்பத்தி முறையாக வளர்த்தார். 1938-ல் ஓவன்ஸ்-கார்னிங் என்ற கம்பெனி டொலீடோ நகரில் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து விமான ரேடார்களுக்கு மூடிகள் செய்தார்கள்.

அதே டொலீடோவில் பிளாஸ்கான் என்ற பிளாஸ்டிக் பிசின் செய்யும் நிறுவனத்தில் இருந்தவர் டாக்டர் ஆர்தர் ஹோவால்ட். போர் முடியும் தறுவாயில் மிச்சிகனில் மீன் பிடிக்கப் போன இடத்தில் அவருடைய மூங்கில் ராடின் நுனி ஒடிந்துவிட்டது. போர்க்காலம், மாற்று நுனி கிடைக்கலை. மனுஷன் பிசின் ஆராய்ச்சியாளராச்சே! கண்ணாடி இழைகளை நீளவாக்கில் அடுக்கி, பிசினில் தோய்த்து, தானே ஒரு நுனி செய்துகொண்டார். அது மூங்கிலை விட நல்லா வேலை செய்தது.

அந்த யோசனை மிச்சிகனின் கலமஸூ நகரில் இருந்த ஷேக்ஸ்பியர் கம்பெனிக்குப் போனது (நாடகக்காரர் இல்லை, ரீல் செய்த வில்லியம் ஷேக்ஸ்பியர் ஜூனியர் ஆரம்பித்த கம்பெனி. நிஜமாவே பேர் அதான்). 1947-ல் 'வொண்டர்ராட்' கடைக்கு வந்தது. வெள்ளை நிறக் கம்பு. அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் நார்ம்கோ என்ற நிறுவனம் 'கோனோலான்' என்ற பெயரில் உள்ளே கூடாக இருக்கும் குழாய்க் கம்புகளைச் செய்தது.

கடைசியில் நிலைத்தது குழாய் முறைதான். பிசின் ஊறிய கண்ணாடித் துணியை, ஒரு பக்கம் அகலமாவும் மறுபக்கம் குறுகலாவும் கொடி மாதிரி வெட்டுவார்கள். நுனி சிறுத்த எஃகுக் கம்பியில் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டுவார்கள். மேலே செலஃபேன் நாடாவைச் சுற்றி அடுப்பில் வேகவைத்து, எஃகுக் கம்பியை உருவிவிட்டால் கூடு ரெடி. ஒரே அச்சு, ஒரே வெட்டு, நூறாவது ராடும் முதல் ராடும் ஒண்ணு. கைவினைஞர் வருஷக்கணக்கில் கற்றது அச்சுக்குள்ளே போயிடுச்சு. நல்ல ஸ்பிரிங் முதல்முறையா ஷிஃப்ட் வேலைக்காரர் கைக்கும் எட்டியது இப்படித்தான். கூடவே 1950-களில் பிளாஸ்டிக் பூசிய மிதக்கும் லைனும் வந்துவிட்டதால், பட்டு லைனைத் தினமும் துடைத்துக் காயவைத்து எண்ணெய் போடும் வேலையும் போச்சு.

ஒரு கட்டுக்கதை

"சீனாவோடு வர்த்தகத் தடை வந்து மூங்கில் வராமல் போனதால்தான் கண்ணாடி ராட் பிறந்தது" என்று தூண்டில்காரர்கள் சொல்வதுண்டு. கேட்க நல்லா இருக்கு. ஆனா தேதிகளைப் பாருங்க. வொண்டர்ராட் வந்தது 1947. கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீனாவோடு வர்த்தகத்தைத் தடை செய்தது 1950 டிசம்பரில். குழந்தை பிறந்து மூணு வருஷம் கழிச்சுத்தான் கல்யாணம்!

பெரிய கைவினைப் பட்டறைகளிடம் மூங்கில் கையிருப்பு இருந்தது, அவை தொடர்ந்து செய்தன. அடிபட்டது மலிவு விலை மூங்கில் ராட் செய்த தொழிற்சாலைகள். தடை இல்லாவிட்டாலும் அவை தாக்குப்பிடித்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். அதே காசுக்கு வளைஞ்சு நிற்காத, பூஞ்சை பிடிக்காத ராட் பக்கத்து அலமாரியில் இருந்தால், யார் மூங்கிலை வாங்குவார்? தடை 1971-ல் தளர்ந்தது. அப்புறமும் மலிவு மூங்கில் திரும்பி வரவே இல்லை. தடை ஒரு தள்ளு தள்ளியது, அவ்வளவுதான்.

பொற்காலமும் வீழ்ச்சியும்

1950, 60-கள் முழுக்கக் கண்ணாடியின் ராஜ்யம். வாஷிங்டன் மாநிலத்தின் கென்ட் அருகே உள்ள ஒரு ஏரியின் பெயரில் 1952-ல் தொடங்கிய ஃபென்விக் கம்பெனி இதில் முக்கியமானது. அங்கே இருந்த ஜிம் கிரீன் ஒரு பெரிய தலைவலியைத் தீர்த்தார். ரெண்டு துண்டுக் கம்பைச் சேர்க்கும் இடத்தில் அதுவரை உலோகப் பூண் இருக்கும். கனம், அதோட அந்த இடத்தில் கம்பு வளையாது. கண்ணாடிக்குள் கண்ணாடியே பொருந்துகிற இணைப்பை 'ஃபெராலைட்' என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். கம்பு அடியிலிருந்து நுனிவரை ஒரே வளைவாக வளைந்தது. பாசடீனாவில் ரஸ் பீக் என்பவர் கண்ணாடியிலேயே மூங்கில் ராட் அளவுக்குக் கலைநயமாகச் செய்து, மூங்கில் ரசிகர்களையும் வாயை மூடவைத்தார்.

அப்புறம் வந்தது கார்பன். 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் உறுதியான கார்பன் இழையை உருவாக்கினார்கள். 1973-74 வாக்கில் அதே ஃபென்விக் 'ஹெச்எம்ஜி' என்ற கிராஃபைட் ராடைக் கொண்டுவந்தது. தன் ராஜாவைத் தானே இறக்கின கம்பெனி!

ஏன் அப்படி ஒரு வரவேற்பு? கணக்கைப் பாருங்க. சாதாரண கண்ணாடி இழையின் விறைப்பு ஏறக்குறைய 72 கிகாபாஸ்கல். சாதாரண கார்பன் இழைக்கு 230 சொச்சம். மூணு மடங்குக்கு மேல். எடையோ கண்ணாடியில் சுமார் எழுபது சதவீதம்தான். அதனால மெல்லிசா, லேசா, நீளமா, விறைப்பா ராட் செய்யலாம். 9 அடி ராடை நாள் முழுக்க வீசலாம். காற்றைக் கிழித்து 80 அடிக்கு லைன் போடலாம். பத்து வருஷத்துக்குள் கடை அலமாரிகளில் கண்ணாடி ஃப்ளை ராட் தேடினாலும் கிடைப்பது அரிதாகிவிட்டது.

இங்கேதான் ஒரு விஷயம் பலருக்கு விட்டுப்போகுது. கிராஃபைட் ஜெயிச்ச போட்டி எது? தூரம். கடைக்காரர் வாகன நிறுத்தத்தில் உங்களை வீசச் சொல்லும்போது 80 அடி போனால் அசந்துபோய் வாங்குவீர்கள். ஆனா சின்ன ஓடையில் ட்ரவுட் எங்கே இருக்கு? 20 அடியில், வேருக்கு அடியில், மிஞ்சிப்போனா 35 அடியில். அவ்வளவு குறைந்த லைன் வெளியே இருக்கும்போது அதன் எடை சில கிராம்தான். விறைப்பான கிராஃபைட் ராட் அதுக்கெல்லாம் அசைஞ்சே கொடுக்காது. வளையாத ஸ்பிரிங் ஸ்பிரிங்கே இல்லையே! கண்ணாடி அந்த ரெண்டு மூணு கிராமுக்கும் வளையும். மெதுவா வளைஞ்சு மெதுவா நிமிரும். புதுசா கத்துக்கறவருக்கு, லைன் பின்னால் நீண்டு முடிஞ்சுதா என்று கையே சொல்லும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. உடைவதற்கு முன் கண்ணாடி இழை நாலு சதவீதத்துக்கு மேல் நீண்டு கொடுக்கும். கார்பன் ஒன்றரை, ரெண்டோடு சரி. அதனால கண்ணாடி ராட் பாறையில் இடிச்சாலும், நல்ல மீன் வந்து வட்டமா வளைச்சாலும் பெரும்பாலும் தாங்கிடும். மெல்லிய நரம்பும் சுலபத்தில் அறாது, அதிர்ச்சியைக் கம்பே வாங்கிக்கும்.

இதெல்லாம் தெரிஞ்ச சிலர் கண்ணாடியை விடவே இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஹாரி வில்சன் 1970-களின் நடுவில் தொடங்கிய ஸ்காட் கம்பெனி, கிராஃபைட் அலை அடித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி ராடோடுதான் ஆரம்பித்தது. ஜப்பானின் மலை ஓடைகளில் மீன் பிடித்தவர்களும் கண்ணாடியைக் கைவிடவில்லை. கடந்த பதினைந்து வருஷத்துக்குள் பெரிய கம்பெனிகளும் மறுபடி கண்ணாடி ராட் கொண்டுவந்தன. இப்ப வருவதில் பலதும் விமானத் துறைக்காக உருவான 'எஸ்-கிளாஸ்' என்ற உறுதியான இழையில் செய்தவை. பழசைவிட லேசு.

சரி, 200 டாலருக்கு என்ன வாங்கலாம்?

வரலாற்றிலேயே விடை இருக்கு. கண்ணாடி எந்த வேலையில் தோற்றதோ அந்த வேலைக்கு அதை வாங்காதீங்க. பெரிய ஆறு, ஏரிக்காற்று, கடற்கரை, கனமான பூச்சி என்றால் 9 அடி கிராஃபைட்தான் சரி. 9 அடிக் கண்ணாடி ராட் சாயந்திரம் தோளைக் கேட்கும். எது தோற்கவே இல்லையோ அங்கே வாங்குங்க: 7 முதல் 7½ அடி, 4-ஆம் எண் லைன், சின்ன ஓடை. குளத்து புளூகில், சின்ன பாஸ் மீனும் பிடிக்கணும் என்றால் 8 அடி, 5-ஆம் எண்.

லைன் எண்ணைப் பத்தி ஒரு வார்த்தை. 1961-லிருந்துதான் இந்த எண் முறை. லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதே அந்த எண். 4-ஆம் எண்ணுக்கு 120 கிரெய்ன், அதாவது எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 5-க்கு 140 கிரெய்ன், சுமார் 9 கிராம். அதுக்கு முந்தைய ராடில் எழுத்துகள் இருக்கும். 'ஹெச்டிஹெச்' என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 6-ஆம் எண் என்று வச்சுக்குங்க. பழைய ஃபென்விக்கில் 'எஃப்எஃப் 756' என்று இருந்தால் ஏழரை அடி, 6-ஆம் எண் என்று அர்த்தம்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பழசு. மிச்சிகனில் கராஜ் சேலில் வெள்ளை வொண்டர்ராடும் பழுப்பு ஃபென்விக்கும் இன்னும் கண்ணில் படும். கையில் எடுத்ததும் பார்க்கவேண்டியவை:

1. இணைப்பு ஆடக்கூடாது. உலோகப் பூண் தேய்ஞ்சிருந்தா விட்டுடுங்க. கண்ணாடி இணைப்பு என்றால் கழுத்தில் நீளவாக்கில் மயிரிழை விரிசல் இருக்கான்னு வெளிச்சத்தில் பாருங்க.

2. கம்பில் வெள்ளையா ஒரு திட்டு தெரிஞ்சா, அங்கே அடிபட்டு இழை நொறுங்கியிருக்கு. கழுவினா போற அழுக்கு இல்லை அது.

3. லைன் ஓடும் வளையங்களில் பள்ளம் விழுந்திருந்தா புது லைனை அறுத்துடும். வளையம் மாத்தலாம், ஆனா விலையில் அதைக் கழிச்சுக் கேளுங்க.

4. நுனி ஒடிஞ்சு வெட்டப்பட்டிருக்கான்னு நீளத்தை அளந்து பாருங்க. ரெண்டு துண்டும் பொதுவா சம நீளம் இருக்கும்.

இன்னொண்ணு, புதுசு. கண்ணாடின்னாலே மலிவுன்னு நினைச்சுடாதீங்க, பட்டறையில் செய்தவை 500 டாலருக்கு மேலேயும் இருக்கு. ஆனா டென்வரின் ரைட் அண்ட் மெக்கில் கம்பெனி 'ஈகிள் கிளா' என்ற பெயரில் விற்கும் மஞ்சள் நிற ஃபெதர்லைட் மாதிரி மிக மலிவானவையும் இருக்கு. நடுவில், நூறு டாலரை ஒட்டித் தள்ளுபடியில் வரும் ராட்களைக் குறி வைங்க.

பட்ஜெட்டை இப்படிப் பிரிக்கலாம். ராடுக்கு 100. லைனுக்கு 50 முதல் 60, இதில் கஞ்சத்தனம் வேண்டாம், எடையே அதில்தானே இருக்கு! ரெண்டு முனையும் ஒரே மாதிரி சிறுத்த 'டபுள் டேப்பர்' லைன் கண்ணாடிக்கு நல்லா ஒத்துப்போகும், ஒரு முனை தேய்ஞ்சா திருப்பிப் போட்டுக்கலாம். மீதி ரீலுக்கு. இந்த அளவு ராடில் ரீல் என்பது லைன் சுத்தி வைக்கும் டப்பா, அவ்வளவுதான். ஆயிரம் டாலர் ராடில் நீங்க காசு கொடுப்பதில் பெரும்பகுதி, உங்க ஓடையில் நீங்க ஒருநாளும் வீசப்போகாத கடைசி ஐம்பது அடிக்கு.

நுனி ஒடிஞ்ச ஒரு மனுஷன் கையில் கிடைத்ததை வைத்துச் செய்துகொண்ட கம்பு இது. மூங்கிலுக்கு வழியில்லாதவர்களைத் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. அந்த வேலையை அது இன்னும் மறக்கலை. வாங்கிட்டுப் போய் வீசுங்க நண்பரே. ஒரே ஒரு விஷயம், அவசரப்படாதீங்க. பின்னால் வீசினதும் ஒரு மூச்சு விட்டு நிறுத்துங்க, அப்புறம் முன்னால் கொண்டுவாங்க. கண்ணாடிக்கு அந்த ஒரு மூச்சு போதும்.